நலவாழ்வு வகுப்பில் தூங்கிப்போனவர்

விடுதிப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'ரெண்டு நிமிஷம்'. பதினோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் அதுதான். சலவை இயந்திரம் கத்தும், மாடியிலிருந்து ஒருத்தி கூப்பிடுவாள், வாசல் மணி அடிக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "ரெண்டு நிமிஷம் இரும்மா, வந்துடறேன்." வந்தும் விடுவார். இருபது நிமிடம் ஆகும், ஆனால் வராமல் இருந்ததில்லை. "ரெண்டு நிமிஷம் வருதுடி, சிகரெட்டைத் தூக்கிப் போடு" என்று பின்பக்கச் சுவரோரம் பிள்ளைகள் கிசுகிசுப்பது அவர் காதில் விழும். சிரித்துக்கொள்வார். "பட்டப்பேர் வைக்காத புள்ளைங்களைப் பாத்தாதான் எனக்குப் பயம்," என்பார்.

ஊழியர்களுக்கு அவர் அக்கா. எனக்கும் அப்படித்தான். நான் அங்கே பதிவேடு எழுதுகிற வேலையில் இருந்தேன். வாசலை ஒட்டிய, ஒரு மேசையும் ஒரு தொலைபேசியும் மட்டும் கொள்ளும் அறை. கட்டடம் ஒரு காலத்தில் பல் மருத்துவமனையாக இருந்தது. அதனால் ஒவ்வொரு அறையிலும் ஒரு கைகழுவும் தொட்டி உண்டு. வீட்டை விட்டு வந்தவர்கள், வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள், வீடு என்று ஒன்று இல்லாமலே வளர்ந்தவர்கள் என்று பதின்மூன்று வயதிலிருந்து பதினெட்டு வரை பதினான்கு பெண்பிள்ளைகள். பார்த்துக்கொள்ள ஒன்பது ஊழியர்கள் இருக்க வேண்டும். அந்த வருடம் ஐந்து பேர் இருந்தோம், என்னையும் சேர்த்து. என்னைச் சேர்ப்பது நியாயமில்லை. நான் கதவு திறப்பேன், எழுதுவேன், அவ்வளவுதான்.

அக்கா முதலில் துணி வெளுக்கத்தான் வந்தார். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் சரிபார்ப்பவர். ஒவ்வொரு பொத்தானையும் ஒரு இழுப்பு இழுத்து, தாங்குகிறதா என்று பார்க்கிற வேலை. தொழிற்சாலை மூடியதும் விடுதியின் சலவை அறைக்கு வந்தார். பிள்ளைகள் அழுக்குத் துணியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகாமல் அங்கேயே நிற்கத் தொடங்கினார்கள். துணி மடிக்கிறவரிடம் பேசுவது சுலபம். அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு வருடத்தில், ஆலோசகருக்குத் தெரியாதது எல்லாம் சலவை அறைக்குத் தெரிந்திருந்தது. நாற்பது வயதில் அவரைப் படிக்க அனுப்பினார்கள். தேர்வு எழுதித் தேறி, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு பராமரிப்பாளர் ஆனார். ஆனாலும் பழைய பழக்கம் போகவில்லை. புதிதாக ஒரு பிள்ளை வந்தால் தோளைத் தொட்டுப் பேசுகிற சாக்கில் சட்டைப் பொத்தானை லேசாக இழுத்துப் பார்ப்பார்.

வீட்டில் கணவர் மட்டும். லிப்ட் பழுது பார்க்கிறவர். மகன் வேறு ஊரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பேசுவான். "என் பொண்டாட்டி வீட்டுக்கு வந்தா சொந்தக்காரங்க வந்த மாதிரி இருக்கு," என்று கணவர் என்னிடம் ஒருமுறை சொன்னார். "செருப்பைக் கூடக் கழட்ட மாட்டா. கிளம்பற மூஞ்சியோடயே உக்காந்திருப்பா."

இனி அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊழியர் அறையில் ஒரு வெள்ளைப் பலகை. பதினான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கட்டம், கட்டத்துக்கு ஒரு காந்தம். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் மணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் அந்தப் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது; ஒரு ஊழியர் கூடவே இருக்க வேண்டும், கழிவறைக் கதவுக்கு வெளியே கூட. சிவப்பு வைத்தால் ஒரு தாளும் நிரப்ப வேண்டும்: ஏன் சிவப்பு, அவள் வெளியே போனால் எங்கே போவாள் என்று. நிறத்தை மாற்றினால் இரண்டு பேர் கட்டத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒன்பது பேர் இருந்தபோது போட்ட விதி இது. ஐந்து பேர் ஆனதும், சிவப்பு வைத்தால் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போக முடியாது என்று அர்த்தம். அப்போதுதான் அந்த வழக்கம் வந்தது. எவரும் கட்டளை போடவில்லை. பணி மாறுகிற நேரத்தில், போக வேண்டியவர் பலகையைப் பார்த்து நிற்பார். வந்தவர் அவர் முகத்தைப் பார்ப்பார். "மாத்திக்கலாமா?" என்று ஒருவர் கேட்பார். "இப்பக் கொஞ்சம் தெளிவாத்தான் இருக்கா," என்று மற்றவர் சொல்வார். சிவப்பு மஞ்சள் ஆகும். இரண்டு கையெழுத்து. இதை எங்களில் யாரும் பொய் என்று நினைக்கவில்லை. ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி என்றே நினைத்தோம். ஒன்றும் நடக்கவுமில்லை. ஒன்றும் நடக்காமல் போகப் போக, அது விதியை விடப் பழைய விதி போல ஆகிவிட்டது.

அந்த வருடம்தான் மேலிடத்துக்கு எங்கள் மேல் அக்கறை வந்தது. ஊழியர்கள் வேலையை விட்டு ஓடுகிறார்கள், ஏன் என்று யாரோ ஆராய்ந்திருக்கிறார்கள். ஆள் போடுவதற்குப் பதிலாக 'ஊழியர் நலவாழ்வு' என்று ஒரு சுவரொட்டி வந்தது. அதில் ஒரு பெண் கண்ணை மூடிப் புல்வெளியில் உட்கார்ந்திருந்தாள். "இவளுக்கு எந்த ஷிப்ட்டு?" என்று அக்கா கேட்டார். ஒரு பயிற்சியாளர் வந்து நாற்பது நிமிடம் மூச்சுவிடக் கற்றுக்கொடுப்பார், எல்லோரும் கட்டாயம் வர வேண்டும், வருகைத் தாளில் ஐந்து கையெழுத்தும் வேண்டும். இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் பலகையில் ஒரு சிவப்பு இருந்ததால் ஒத்திவைத்தார்கள்.

மூன்றாவது நாள், ஒரு புதன்கிழமை. அக்கா முந்தின நாள் சாயங்காலம் வந்தவர். மாற்றுக்கு வர வேண்டியவள் மதியம் வரை வரவில்லை, அதனால் காலையிலும் அவரே. எட்டு மணிக்கு ஒரு பிள்ளைக்கு அவள் அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. பதினாறு வயதுப் பெண். எந்த வெயிலிலும் சாம்பல் நிறக் கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துப் போட்டிருப்பாள், தூங்கும்போதும். அதனால் அவளைத் தொப்பி என்றே எல்லோரும் கூப்பிட்டோம். நான்தான் அழைப்பை இணைத்தேன். ஒரு நிமிடம் கூடப் பேசவில்லை. வைத்துவிட்டு, "எங்கம்மா வீடு மாத்திட்டாங்களாம். புது வீடு எங்கன்னு சொல்ல மாட்டாங்களாம்," என்று மணி என்ன என்று சொல்கிற மாதிரி என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

காலைச் சாப்பாட்டைத் தட்டில் ஒன்றும் மீதி வைக்காமல் சாப்பிட்டாள். நன்றி சொன்னாள். பிறகு தன் ஹெட்போனைப் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்தாள். "வெச்சுக்கோ, எனக்கு வேணாம்."

அக்கா நேராகப் பலகைக்குப் போய்ச் சிவப்பை வைத்தார். "சாப்பிட்டா, சிரிச்சா, நல்லாத்தானே இருக்கா?" என்று சின்னவள் கேட்டாள். சின்னவள் எங்களில் இளையவள், கைக்குழந்தைக்காரி, வேலைக்கு வந்து ஆறு மாதம் முடிய எட்டு நாள் பாக்கி, முடிந்தால்தான் நிரந்தரம்.

"ஹெட்போன் இல்லாம அவ பல்லு கூடத் தேய்க்க மாட்டா. அதைத் தூக்கிக் குடுக்கறான்னா நல்லா இருக்கான்னா அர்த்தம்?" என்றார் அக்கா. சிவப்புத் தாளையும் அவரே நிரப்பி என் மேசையில் வைத்தார். எங்கே போவாள்? அக்காவிடம் அவள் முன்பே சொல்லியிருந்த மூன்று இடங்கள்: அம்மா இருந்த அடுக்குமாடி, கடைசிப் பேருந்து நிலையம், ஆற்றுப் பாலம்.

மதியம் வரை அக்கா அவள் பக்கத்திலேயே இருந்தார், அதன் பிறகு மாற்றுக்கு வந்தவள். இரண்டரை மணிக்கு இயக்குநர் வந்தார். கெட்டவர் இல்லை, எப்போதும் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறவர். பலகையைப் பார்த்தார். "இன்னைக்குமா?" என்றார். "மூணாவது தடவையும் ஒத்திவெச்சா அவங்க வரவே மாட்டாங்கக்கா. உங்க நல்லதுக்குத்தானே? மேல நான் என்ன எழுதறது, எங்க ஆளுங்களுக்கு நல்லா இருக்க நேரம் இல்லைன்னா?"

அக்கா துணி வைக்கும் அறைப் பக்கம் போனார். உள்ளே சின்னவள் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். காப்பகத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"அழுதது போதும், மூக்கைத் தொடை. விரிப்பெல்லாம் இப்பத்தான் வெளுத்தது," என்றார் அக்கா.

"முடியலக்கா. ஒரு பத்து நிமிஷம் யாரும் என்னைக் கூப்பிடாம இருந்தா போதும்."

அதைக் கேட்டதும் அக்கா முடிவு செய்துவிட்டார் என்று நினைக்கிறேன். தனக்காக என்றால் செய்திருக்க மாட்டார். பலகைக்குப் போனார். "மாத்திக்கலாமா?" சின்னவள் பலகையைப் பார்க்கக்கூட இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். இரண்டு ஐம்பதுக்குத் தொப்பியின் கட்டத்தில் மஞ்சள்.

பிறகு அக்கா மாடிக்குப் போய் அவளிடம் சொன்னார். கதவு திறந்திருந்தது, நான் படியில் நின்று கேட்டேன்.

"கீழதான் இருப்பேன். ரெண்டு நிமிஷம், வந்துடறேன்."

"எங்க போறீங்க?"

"எங்களை நாங்க எப்படி நல்லா வெச்சுக்கறதுன்னு சொல்லித்தரப் போறாங்களாம்."

"கத்துக்கிட்டு வந்து எனக்கும் சொல்லுங்க," என்றாள் தொப்பி. கேலியா, உண்மையா என்று தெரியவில்லை.

வகுப்பில் நான்கு பேர்தான் இருந்தார்கள். பயிற்சியாளர் ஐந்து நாற்காலி போட்டிருந்தார். வருகைத் தாளில் ஐந்து கட்டம். "நீங்களும் வந்து உக்காருங்க, வாசல்ல என்ன ஆகப்போகுது," என்று இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன். வாசலில் யாரும் இல்லை.

பயிற்சியாளர் நல்ல குரல்காரி. ஒரு சின்ன மணியை அடித்து, கண்ணை மூடச் சொன்னார். "உங்களுக்கு ரொம்பப் பாதுகாப்பாத் தோணுற ஒரு இடத்தை நினைச்சுக்குங்க. அங்க யாரும் உங்களைக் கூப்பிட மாட்டாங்க." நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அக்காவின் தலை மெதுவாகத் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்தது. இருபது மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்த மனுஷி. குறட்டை கேட்டதும் சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். பயிற்சியாளர் உதட்டில் விரலை வைத்தார். "தூங்கட்டும், உடம்பு கேக்குது," என்று கிசுகிசுத்தார்.

மூன்று நாற்பதுக்கு முடிந்தது. எல்லோரும் அடிமேல் அடி வைத்து வெளியே வந்தோம். இயக்குநருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பாருங்க, பலன் உடனே தெரியுது!" கடைசியாக வந்த நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். எழுப்பியிருக்கலாம். மாடிக்கு ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். மஞ்சளுக்கு அடுத்த பார்வை நான்கு மணிக்குத்தானே என்று எல்லோரும் நினைத்தோம்.

அக்கா விழித்தபோது மூன்று ஐம்பத்தைந்து. அறையில் அவரும் நான்கு காலி நாற்காலிகளும். அவர் மாடிப்படி ஏறிய சத்தம் எனக்குக் கீழே கேட்டது. அவருக்கு முழங்கால் வலி உண்டு. ஒவ்வொரு படியாகத்தான் ஏறுவார். அன்று ஓடினார். பிறகு சத்தமே இல்லை. நான் போனபோது அறை நடுவில் நின்றுகொண்டிருந்தார். கட்டில் சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. தலையணை மேல் அந்தச் சாம்பல் நிறத் தொப்பி.

"இதைக் கழட்டி வெச்சிட்டுப் போயிருக்கா," என்றார். "கழட்டி வெச்சிட்டுப் போயிருக்கா."

காவல்துறைக்கு நான்தான் கூப்பிட்டேன். எதிர்முனையில் இருந்த பெண் வழக்கமான கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். வயது, உயரம், உடை. பிறகு, "என்ன நிறத்துல இருந்தா?" நிறத்தை வைத்துத்தான் அவர்கள் தேடுவார்கள். சிவப்பு என்றால் அந்த நிமிடமே வண்டிகள் கிளம்பும். மஞ்சள் என்றால் குறித்துக்கொள்வார்கள். சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுகிற பிள்ளைகளே அதிகம்.

"மஞ்சள்," என்றார் இயக்குநர், என் தோளுக்குப் பின்னால் நின்று. பிறகு திரும்பினார். "மஞ்சள்தானேக்கா?"

நான் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு அக்காவைப் பார்த்தேன். அக்கா சின்னவளைப் பார்த்தார். சின்னவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு நாள். பலகையில் அவள் கையெழுத்து.

"ஆமா," என்றார் அக்கா.

நான் மஞ்சள் என்று சொன்னேன். மேசையில் சிவப்புத் தாள் கிடந்தது. அதன் மேல் பதிவேட்டை எடுத்து வைத்தேன். மணி நான்கு எட்டு.

இதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. அக்காவின் கணவரும் பின்னால் அக்காவும் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

அக்கா கணவருக்குப் போன் செய்தார். அவர் வேலையை அப்படியே போட்டுவிட்டு, கருவிப்பெட்டி குலுங்கும் தன் வேனோடு பத்து நிமிடத்தில் வந்தார். "எவனோ ஏழாவது மாடியில லிப்டுக்காகக் காத்துட்டிருக்கான். நடக்கட்டும், உடம்புக்கு நல்லது," என்றார். அக்கா சிரிக்கவில்லை. மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு, "நான் தூங்கிட்டேங்க," என்றார்.

"தூங்கறது குத்தமா?"

"சிவப்பை நான்தான் எடுத்தேன். கேட்டாங்க, மஞ்சள்னு சொல்லிட்டேன்."

கணவர் வண்டியை வேகமாக ஓட்டினார்.

அம்மா இருந்த அடுக்குமாடியில் லிப்ட் வேலை செய்யவில்லை. நான்கு மாடியும் ஏறினார்கள். பழைய வீட்டில் புதிதாக வந்தவர் சங்கிலியை எடுக்காமல் கதவிடுக்கில் பேசினார். யாரும் வரவில்லை. இறங்கும்போது கணவர் லிப்ட் கதவை ஒரு தட்டுத் தட்டினார். "இந்த மோட்டாரை எவன் பாத்தான்? கையை ஒடைக்கணும்." பதற்றம் வந்தால் அவருக்கு மற்றவர்கள் செய்த பழுதுவேலை மேல்தான் கோபம் வரும்.

பேருந்து நிலையத்தில் அக்கா ஒவ்வொருவராகக் கேட்டார். "பதினாறு வயசுப் பொண்ணு, சாம்பல் கலர்ல தொப்பி போட்டிருப்பா..." சீட்டுக் கொடுக்கிறவர், துடைக்கிறவர், காத்திருக்கிறவர்கள். நான்காவது ஆளிடம் கேட்கும்போதுதான் தொப்பி தன் கையில் இருப்பது உறைத்தது.

"அப்ப முடி எப்படிம்மா இருக்கும்? நீளமா, குட்டையா?" என்று அந்த ஆள் கேட்டார்.

அக்காவுக்குத் தெரியவில்லை. பதினான்கு மாதம் அந்தப் பிள்ளைக்குத் துணி மடித்திருக்கிறார், காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார். அவள் முடியைப் பார்த்ததே இல்லை. அந்த ஆள் முகம் சுளித்தார். "நீங்க அவளுக்கு என்ன வேணும்?" அக்கா வேனுக்கு ஓடினார்.

மீதி இருந்தது பாலம். நகரத்தின் மறுபக்கம். ஐந்து மணிக்கு எல்லா அலுவலகமும் விடுகிற நேரம். மூன்றாவது சிக்னலில் வேன் நின்றது. முன்னும் பின்னும் வண்டிகள், ஹாரன் சத்தம். கணவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

"முக்கால் மணி நேரம் ஆகும். குறைஞ்சது."

அக்கா கதவைத் திறந்தார். "நான் ஓடிப் போறேன்."

"ஆறு கிலோமீட்டர். இந்த முழங்காலை வெச்சுக்கிட்டா? உக்காரு." அவர் கையைப் பிடித்தார். "போன் பண்ணு."

"மஞ்சளுக்கு வர மாட்டாங்கங்க."

"அப்ப மஞ்சள்னு சொல்லாதே."

"சின்னவளுக்கு வேலை போயிடும். கைக்குழந்தை. என்னை நம்பித்தான் கையெழுத்துப் போட்டா."

கணவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ நாளைக்கு உன்னைத் திட்டட்டும். திட்டறதுக்கு உயிரோட இருப்பா."

அக்கா போன் செய்தார். அதே பெண் குரல். பதிவு எண்ணைச் சொன்னார்.

"மஞ்சள்னு பதிவாயிருக்கு. ஒரு வண்டி காலியானதும் அனுப்பறோம்மா."

"மஞ்சள் இல்ல. சிவப்பு."

"எப்ப மாறிச்சு?"

"மாறல. காலையில எட்டரை மணியிலேருந்து சிவப்பு. நான்தான் மாத்தி வெச்சேன். ஆளு இல்லாம மாத்தி வெச்சேன். கேட்டப்ப பொய் சொன்னேன். பாலத்துக்குப் போங்க. ஆத்துப் பாலம், நடுப்பக்கம். சீக்கிரம் போங்கம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம். "உங்க பேரு, அட்டை எண்." சொன்னார். "கூட யாரு கையெழுத்து?" அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அதையும் சொன்னார். மணி ஐந்து பன்னிரண்டு. ஒரு மணி நேரமும் நான்கு நிமிடமும் போயிருந்தது; அதை அவர் பிறகு பலமுறை கணக்குப் போட்டார்.

ஐந்தே முக்காலுக்குள், அக்கா உண்மையைச் சொல்லிவிட்டார் என்ற செய்தி எல்லோருக்கும் போய்விட்டது. வேன் இன்னும் பாதி வழியில்தான். முதலில் சின்னவள் கூப்பிட்டாள். அழவில்லை, கத்தவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, அக்கா. நானே சொல்லியிருப்பேன். நீங்க கேக்கவே இல்ல," என்றாள். வைத்துவிட்டாள். அவள் சொல்லியிருப்பாளா, எனக்குத் தெரியாது. அப்போது அவள் என் அறையில்தான் நின்றுகொண்டிருந்தாள். போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து இயக்குநர். "ஏன்கா இப்படிப் பண்ணீங்க? உரிமத்தையே எடுத்துடுவாங்க. பதிமூணு புள்ளைங்களை எங்க கொண்டு போய் விடறது?" பிறகு சொன்னார்: "நீங்க இனிமே வேலைக்கு வர வேணாம். விசாரணை முடியற வரைக்கும் அந்தப் பொண்ணு பக்கம் போகக் கூடாது, பேசக் கூடாது. விதி அப்படி."

"கெடச்சாளா?" என்று கேட்டார் அக்கா.

"தெரியல."

"அதைச் சொல்லுங்க முதல்ல."

"தெரியலக்கா," என்றார் இயக்குநர். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு அந்தக் காவல்துறைப் பெண்ணே கூப்பிட்டாள். கூப்பிட வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. பாலத்தில் இரண்டு காவலர்கள் அவளைப் பார்த்திருக்கிறார்கள். கைப்பிடிக்கு வெளிப்பக்கம் உட்கார்ந்திருந்தாளாம். ஒருவர் ரொம்ப நேரம் ஏதேதோ பேச்சுக் கொடுத்திருக்கிறார். இன்னொருவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். "உயிரோட இருக்கா," என்றாள். "நிலைமை சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

நிலைமை என்றால் என்ன? அக்காவால் அந்தச் சொல்லைத் தாண்ட முடியவில்லை. உயிரோடு இருக்கிறாள், ஆனால் நிலைமை சொல்ல முடியாது. கணவர் வேனைத் திருப்பினார்.

மருத்துவமனையில் மூன்றாவது மாடி. நீளமான தாழ்வாரம், பச்சைச் சாயம் பூசிய சுவர், கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். கதவருகே ஒரு பெண் காவலர். அக்கா கழுத்து அட்டையை வேனிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"நீங்க யாரும்மா?"

"விடுதியிலேருந்து."

காவலர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "விடுதி ஆளுங்க யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு இப்பத்தான் சொன்னாங்க."

"தெரியும். உள்ள வரல. எப்படி இருக்கா?"

"குடும்பத்துக்குத்தான் சொல்லணும்."

"அவளுக்கு அப்படி யாரும் இல்லம்மா," என்றார் அக்கா. "எங்கிட்ட சொல்ல வேணாம். தலையை ஆட்டினா போதும்."

காவலர் வயதில் சின்னவர். தலையை ஆட்டவும் முடியாமல், ஆட்டாமல் இருக்கவும் முடியாமல் தரையைப் பார்த்தார். கணவர் அக்காவைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். அக்கா, "நான் பொய் சொல்லாம இருந்திருந்தா அவ அங்க உக்காந்தே இருந்திருக்க மாட்டா," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது கதவுக்கு உள்ளே ஏதோ உலோகத் தட்டு விழுந்தது. அதைத் தொடர்ந்து தொப்பியின் குரல்.

"தொடாதே! சொன்னாக் கேக்க மாட்டியா? ஊசி போட்டா கடிச்சிடுவேன்! எருமை! போ அந்தப் பக்கம்!"

அதற்குமேல் வந்தவை எழுதக் கூடிய சொற்கள் இல்லை. ஒரு நர்ஸ் பொறுமையாக ஏதோ சொன்னாள். அவளுக்கும் ஒரு வசவு கிடைத்தது. பெண் காவலர் சங்கடமாக அக்காவைப் பார்த்தார்.

அக்கா முன்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு வசவாக, ஒன்று விடாமல். அடித்தொண்டையிலிருந்து வருகிறதா, மூச்சு வாங்குகிறதா, சொல் குழறுகிறதா என்று கேட்டார். குழறவில்லை.

உள்ளே சத்தம் சட்டென்று நின்றது. அக்கா எழுந்து நின்றார். கதவை நோக்கி ஒரு அடி வைத்தார். காவலர் குறுக்கே கையை நீட்டினார். மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். பிறகு உள்ளிருந்து கரகரத்த குரலில், "தண்ணியாவது குடுத்துத் தொலைங்கடி," என்று கேட்டது.

அக்கா உட்கார்ந்தார்.

ஏழரை மணி வரை அப்படித்தான் என்றார் கணவர். உள்ளே அமைதியானால் அக்கா எழுவார். குரல் கேட்டால் உட்காருவார். வீட்டுக்குப் போகலாம் என்று அவர் இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் தானும் உட்கார்ந்துகொண்டார்.